ஆப் முடிந்துவிட்டது, ஆராய்ச்சி எங்கே?

கேள்வி இது: “கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலை விவசாயிகளுக்காக ஒரு ஆப் செய்து முடித்திருக்கிறேன். பச்சை இலையை எடை போட்டதும் விவசாயியின் போனுக்கு எஸ்எம்எஸ் போகும், மாதக் கணக்கும் வரும். கைடு பார்த்துவிட்டு ‘இது ப்ராஜெக்ட், ஆராய்ச்சி இல்லை, டிசைன் சயன்ஸ் முறையில் எழுதிக்கொண்டு வா’ என்கிறார். எல்லா ஆய்வேட்டிலும் ஆறு கட்டம் போட்ட ஒரு படம் இருக்கிறது. அதைப் போட்டு என் ஆப்பை அதில் பொருத்தினால் போதுமா? மதிப்பீட்டுக்கு எத்தனை பேரிடம் கேள்வித்தாள் கொடுக்க வேண்டும்?”

போதாது. கைடு சொன்னதில் தப்பில்லை, ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார். சில வருடங்களுக்கு முன் கிட்டத்தட்ட இதே ஆப்பைச் செய்து, இதே பேச்சை வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் பெயர். டிசைன் என்றதும் திரையின் நிறம், பட்டனின் வடிவம் என்று நினைத்துவிடாதீர்கள். ஹெர்பர்ட் சைமன் 1969இல் மனிதர் செய்த பொருள்களுக்கென்று ஓர் அறிவியல் வேண்டும் என்று எழுதினார். பின்னால் 1978இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற அதே சைமன்தான். உலகம் எப்படி இருக்கிறது என்று கேட்பது இயற்கை அறிவியல். ஒன்று எப்படி இருந்தால் நல்லது, அதை எப்படி அமைப்பது என்று கேட்பது இது. தேயிலையில் கொப்புள நோய் ஏன் வருகிறது என்பது முதல் வகைக் கேள்வி. எடை போடும் இடத்தில் சண்டை வராமல் கணக்கை எப்படி அமைப்பது என்பது இரண்டாவது வகை. இந்த இரண்டாவதிலும் சோதித்துப் பார்த்துச் சரி, தப்பு சொல்ல முடியும். அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கவும் முடியும். ‘சயன்ஸ்’ என்ற சொல் பின்னால் ஒட்டியிருப்பது அதனால்தான்.

கம்ப்யூட்டர் முறைகளை மனிதர்களும் நிறுவனங்களும் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்கிற தகவல் முறைமைத் துறை வெகுநாள் கருத்துக்கணிப்பிலேயே ஓடிக்கொண்டிருந்தது. யார் பயன்படுத்துகிறார்கள், ஏன் பயன்படுத்துகிறார்கள், எந்தக் காரணி எதோடு சேர்கிறது என்பதே பேச்சு. செய்வதும் ஆராய்ச்சிதான் என்று வாதாடியவர்களில் மார்ச், ஸ்மித் இருவரும் முக்கியமானவர்கள். 1995இல் அவர்கள் ஒரு பிரிவினை சொன்னார்கள். இத்துறையில் நாம் செய்யக்கூடிய ஆக்கங்கள் நான்கு வகை: கருத்துச் சொற்கள், அந்தச் சொற்கள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்று காட்டும் மாதிரிகள், வழிமுறைகள், ஓடுகிற செயல்வடிவம். உங்கள் ஆப் நான்காவது வகை மட்டும்தான். மற்ற மூன்றும் உங்கள் கையில் இருக்கின்றனவா என்பதுதான் உங்கள் கைடு கேட்காமல் கேட்ட கேள்வி.

‘கருத்துச் சொல் எல்லாம் ஒரு கண்டுபிடிப்பா’ என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. என் ஆப்பின் முதல் வடிவத்தில் ‘கழிவு’ என்று ஒரே ஒரு பெட்டி வைத்திருந்தேன். ஃபேக்டரிக்காக இலை வாங்கும் ஏஜென்ட் எடையைப் போடுவார், கழிவைப் போடுவார், மீதி விவசாயியின் கணக்கில் ஏறும். சாயங்காலம் இலை எடை போடும் கொட்டகையில் போய் நின்ற பிறகுதான் விஷயம் புரிந்தது. மழை நாள். அக்கா ஒருவர் முதுகிலிருந்து சாக்கை இறக்கித் தராசில் மாட்டினார். ஏஜென்ட் முள்ளைப் பார்த்து, “முப்பத்தொண்ணு, மூணு கழிவு, இருபத்தெட்டு” என்று சொல்லிக்கொண்டே சிட்டையில் எழுதினார். “மூணு எதுக்கு?” என்றார் அக்கா. “இலையெல்லாம் தண்ணி, பாருங்க.” “நேத்து வெயில் அடிச்சதே, நேத்தும் மூணுதானே போட்டீங்க?” “அது சாக்கு எடை. கூடவே முத்தின இலை வேற.” அதற்குள் சாக்கு வண்டியில் கவிழ்க்கப்பட்டுவிட்டது. அக்காவின் இலை எது, அடுத்தவர் இலை எது என்று இனி யாராலும் பிரிக்க முடியாது.

கழிவு என்ற அந்த ஒரே சொல்லுக்குள் சாக்கின் எடை, ஈரம், முற்றிய இலை என்று மூன்று சங்கதிகள் உட்கார்ந்திருந்தன. சாக்கின் எடை மாறாது, ஒரு தடவை நிறுத்துப் பார்த்துவிடலாம். ஈரம் நாளுக்கு நாள் மாறும், ஆனால் அன்றைக்கு எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்று. முற்றிய இலை ஆளுக்கு ஆள் மாறும், கண்ணால் பார்த்துச் சொல்வது, வாதத்துக்கு இடமுள்ளது. மூன்றையும் தனித்தனிப் பெட்டியாக்கியதும் சண்டை பாதி குறைந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? மீதிச் சண்டை எதைப் பற்றியது என்பது இரண்டு பேருக்கும் தெளிவாகிவிட்டது. அதற்குப் பெரிதாகப் புது புரோகிராம் எதுவும் தேவைப்படவில்லை. இருந்தும் என் ஆய்வேட்டில் அடுத்தவருக்குப் பயன்படுகிற முதல் பங்களிப்பு அதுதான். மார்ச்சும் ஸ்மித்தும் கருத்துச் சொல்லை முதலில் வைத்தது சும்மா இல்லை.

சரி, அந்தப் படத்துக்கு வருவோம். 2004இல் ஹெவ்னர், மார்ச், பார்க், ராம் நால்வரும் அத்துறையின் எம்ஐஎஸ் குவார்ட்டர்லி என்ற ஆய்விதழில் ஏழு வழிகாட்டு நெறிகளை எழுதினார்கள். ஆக்கம் ஒன்று இருக்க வேண்டும், பிரச்சினை உண்மையானதாக இருக்க வேண்டும், மதிப்பீடு வேண்டும், பங்களிப்பு தெளிவாக வேண்டும், செய்முறையில் கறார் வேண்டும், வடிவமைப்பு ஒரு தேடலாக நடக்க வேண்டும், தொழில்நுட்பம் தெரிந்தவருக்கும் நிர்வாகத்தில் இருப்பவருக்கும் புரியும்படி எடுத்துச் சொல்ல வேண்டும். இந்த ஏழையும் அட்டவணையாகப் போட்டு எதிரே டிக் அடிக்கிற ஆய்வேடுகளை நிறையப் பார்த்துவிட்டேன். இதை மனப்பாடமாகப் பின்பற்றாதீர்கள் என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். அந்த வரியை மட்டும் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

நீங்கள் சொன்ன ஆறு கட்டப் படம் பெஃபர்ஸும் அவரோடு மூவரும் 2007இல் தந்தது. பிரச்சினையைக் கண்டறிதல், தீர்வு எதைச் சாதிக்க வேண்டும் என்று வரையறுத்தல், வடிவமைத்துச் செய்தல், செய்து காட்டல், மதிப்பிடல், எடுத்துரைத்தல். நல்ல படம், எனக்கும் உதவியது. ஆனால் எல்லோரும் பெட்டிகளைப் பார்க்கிறார்கள், கீழே இருந்து வரும் அம்புகளைப் பார்ப்பதில்லை. ஒன்றாம் கட்டத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. நுழைய நான்கு வாசல் வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே செய்து வைத்த பொருளோடு மூன்றாம் கட்டத்தில் நுழைவதும் அதில் ஒன்று. உங்கள் நிலைமை அதுதான். ஆகவே ‘முதலில் இலக்கிய மறுஆய்வு செய்தேன், பிறகு பிரச்சினையைக் கண்டேன், பிறகு ஆப் செய்தேன்’ என்று நடக்காத கதையை எழுத வேண்டாம். ஆப் முதலில் வந்தது, அதைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன், அங்கே பிரச்சினை வேறு மாதிரி இருந்தது என்று நடந்ததை எழுதுங்கள். முறையியல் அதை அனுமதிக்கிறது.

புதுமை எங்கே என்று வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். அதற்கு கிரகரும் ஹெவ்னரும் 2013இல் போட்டுக் கொடுத்த நான்கு கட்டம் உதவும். பிரச்சினையும் புதிது, தீர்வும் புதிது என்றால் கண்டுபிடிப்பு. அது அபூர்வம், நமக்கு வேண்டாம். தெரிந்த பிரச்சினைக்கு முன்னைவிட நல்ல தீர்வு என்றால் மேம்பாடு. வேறு துறையில் ஓடுகிற தீர்வைப் புதுப் பிரச்சினைக்குக் கொண்டுவந்தால் இடமாற்றம். தெரிந்த பிரச்சினை, தெரிந்த தீர்வு என்றால் அது வழக்கமான வேலை, ஆராய்ச்சி ஆகாது. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் ஆப் இன்றைய நிலையில் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் நிற்கிறது. எடை போட்டால் எஸ்எம்எஸ் வருவது பால் சங்கத்துக்கும் ரேஷன் கடைக்கும் பழகிப்போன விஷயம்.

அதை அங்கிருந்து நகர்த்த முடியுமா? முடியும். அதற்கு நம் நீலகிரி மலையின் பிரச்சினையை உற்றுப் பார்க்க வேண்டும்.

25 ஏக்கருக்கு உட்பட்டவர் சிறு விவசாயி என்பது தேயிலை வாரியத்தின் வரையறை. நம் ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், பெரும்பாலோருக்கு இருப்பது ஒன்று, இரண்டு ஏக்கர்தான். சொந்தமாக ஃபேக்டரி வைக்க வழியில்லை, இலையை விற்றாக வேண்டும். பறித்த இலை காத்திருக்காது. சாக்கில் அழுத்தி வைத்தால் சூடேறும், சிவந்துவிடும், அன்றைக்கே ஃபேக்டரி போய்ச் சேர வேண்டும். ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை போகிறது. விற்பவர் கொண்டுவருகிறார், வாங்குபவரின் தராசில் வாங்குபவரின் ஆள் எடை போடுகிறார். போட்ட உடனே எல்லோர் இலையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. விலையோ அன்றைக்குத் தெரியாது, ஏல விலையைப் பார்த்து மாதம் கழிந்துதான் வரும்.

இதில் தேயிலை என்ற சொல்லை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். அழுகும் சரக்கு, அளப்பவர் வாங்குபவர், அளந்ததும் கலந்துவிடும், விலை பிறகு. பால் சங்கமும் இதுதான், கடற்கரையில் மீன் ஏலமும் பாதி இதுதான். நம் கேரட் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிற கதையிலும் இதன் சாயல் உண்டு. இப்படி ஒரு பிரச்சினையை அதன் இனத்தோடு சேர்த்துக் காட்டுவதைத்தான் டிசைன் சயன்ஸ் ஆட்கள் ‘பிரச்சினை வகை’ என்கிறார்கள். ‘கோத்தகிரி விவசாயிகளுக்கு ஒரு ஆப்’ என்பது ப்ராஜெக்டின் தலைப்பு. ‘அளந்தவுடன் கலந்துவிடும் சரக்கில் அளவைப் பற்றிய நம்பிக்கையை எப்படி அமைப்பது’ என்பது ஆராய்ச்சியின் தலைப்பு. ஆப் அதே ஆப்தான்.

என் எஸ்எம்எஸ் எப்படித் தோற்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் அது நடக்கும். எல்லோரிடமும் போன் நம்பர் வாங்கிப் பதிந்தேன். எடை போட்ட நொடியில் செய்தி போனது. ஒரு மாதம் கழித்து ஒரு பெரியம்மாவிடம் “மெசேஜ் வருதுங்களா?” என்றேன். “பையனுக்கு வருது, அவன் ராத்திரி கூப்பிட்டுச் சொல்லுவான்” என்றார். பையன் இருப்பது திருப்பூரில். இலை போடுபவர் இங்கே, செய்தி அங்கே. ராத்திரி ஒன்பது மணிக்கு அவன் “என்னம்மா இருபத்தாறுன்னு வந்திருக்கு?” என்று கேட்கும்போது அந்த இலை ஃபேக்டரியில் இலையை உலரவிடும் வாடல் தொட்டியில் கிடக்கிறது. போன் தன்னிடமே இருந்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பள்ளத்தில் இருக்கும் கொட்டகையில் சிக்னல் இல்லை, மேட்டில் ஏறி ரோட்டுக்கு வந்த பிறகுதான் டிங் என்கிறது. மெசேஜ் தப்பில்லாமல் வந்தது, ஆனால் பேச வேண்டிய நேரம் முடிந்த பிறகு வந்தது.

அதன் பிறகு நான் செய்தது உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். தராசோடு இணைத்துப் பெரிய எழுத்தில் எண் காட்டும் பலகை ஒன்றை இரண்டு பேரும் பார்க்கும்படி மாட்டினேன். சாக்கைக் கவிழ்க்கும் முன் விவசாயி ஒரு பட்டனை அழுத்தினால்தான் சிட்டை வரும். எஸ்எம்எஸ் கூடுதல் நகலாக மட்டும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆப் சுருங்கிவிட்டது, ஆனால் சொல்ல ஒரு விதி கிடைத்தது: அளந்ததும் கலந்துவிடும் சரக்கில், அளவைக் கலப்பதற்கு முன்பே, அந்த இடத்திலேயே, இருவரும் பார்க்க உறுதி செய்ய வேண்டும். பின்னால் வரும் தகவல் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அதை வைத்துப் பேரம் பேச முடியாது.

இதற்குப் பெயர் வடிவமைப்புக் கொள்கை. கிரகர், சந்திரா குரூஸ், சைடல் மூவரும் 2020இல் இதன் உடற்கூறை எழுதியிருக்கிறார்கள். என்ன நோக்கத்துக்கு, யாருக்கு, எந்தச் சூழலில், எந்தப் பொறிமுறையால், ஏன் என்று ஐந்தும் இருக்க வேண்டும். பெரும்பாலான ஆய்வேடுகளில் கடைசி ‘ஏன்’ இருக்காது. ‘ஆப் எளிமையாக இருக்க வேண்டும்’ என்று எழுதுவது கொள்கை இல்லை. கஷ்டமாக இருக்க வேண்டும் என்று யார் சொல்லப்போகிறார்கள்?

இனி மதிப்பீடு. எத்தனை பேரிடம் கேள்வித்தாள் என்று கேட்டீர்கள். என் முதல் மதிப்பீடு நான் வேலை பார்த்த கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் நடந்தது. மாணவர்களை உட்கார வைத்து ஆப்பைக் காட்டி, ஐந்து புள்ளிக் கேள்வித்தாள் கொடுத்தேன். மதிப்பெண் பிரமாதமாக வந்தது. வாத்தியார் செய்த ஆப்புக்கு மாணவன் வேறென்ன போடுவான்? வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒரே கேள்வி கேட்டார்: “இவங்கள்ல எத்தனை பேர் இலை பறிச்சு விக்கிறாங்க?” அந்த அத்தியாயம் முழுக்கக் குப்பைக்குப் போனது.

வெனபிள், பிரீஸ்-ஹெயே, பாஸ்கர்வில் மூவரும் 2016இல் தந்த மதிப்பீட்டுச் சட்டகத்தை அப்போது படித்திருந்தால் தப்பித்திருப்பேன். இரண்டு கேள்விதான் அதில் அடிப்படை. வேலை நடக்கும்போது திருத்திக்கொள்ள மதிப்பிடுகிறீர்களா, முடிந்த பின் தீர்ப்புச் சொல்லவா? செயற்கையான சூழலிலா, நிஜமான இடத்திலா? உங்கள் ஆபத்து தொழில்நுட்பத்தில் இருந்தால், அதாவது தராசு எண்ணைச் சரியாக அனுப்புமா என்பது சந்தேகம் என்றால், லேபில் நிறையச் சோதிக்கலாம். ஆபத்து மனிதர்களில் இருந்தால் சீக்கிரமே கொட்டகைக்குப் போயாக வேண்டும். நமக்கு ஆபத்து மனிதர்களில்தான்.

ஆனால் கொட்டகையிலும் பொறி உண்டு. நான் நோட்டோடு நிற்கிற நாளில் கழிவு குறைந்தது. நான் வராத நாளில் பழையபடி. முதல் இரண்டு வாரம் அதைப் பார்த்து ‘ஆஹா, பலகை வேலை செய்கிறது’ என்று குறித்துவைத்தேன். வேலை செய்தது பலகை இல்லை, நான் அங்கே நின்றதுதான். பிறகு கொட்டகைக்குப் போவதை நிறுத்திவிட்டு, விவசாயிகள் வீட்டில் ஆணியில் குத்தி வைத்திருந்த சிட்டைகளையும் மாதக் கணக்குத் தாளையும் வைத்து, பலகைக்கு முன், பலகைக்குப் பின் என்று ஒப்பிட்டேன். அலுப்பான வேலை. மழையில் நனைந்து மை கலைந்த சிட்டைகள் வேறு. கேள்வித்தாள் சொல்லாததை அவை சொல்லின.

காலத்தையும் பாருங்கள். மழை விட்டு வெயில் அடிக்கும் வாரங்களில் கொழுந்து கொட்டும். கொட்டகையில் வரிசை நிற்கும், யாருக்கும் பட்டன் அழுத்தப் பொறுமை இருக்காது. உறைபனி விழும் ஜனவரியில் இலை குறைவு, ஆற அமரப் பேசலாம். செமஸ்டர் தோதுக்கு ஜனவரியில் சோதித்துவிட்டு ‘வெற்றி’ என்று எழுதினால், அது கூட்டம் இல்லாத நாளில் கிடைத்த வெற்றிதான்.

கூடலூர்ப் பக்கத்து நண்பர்கள் வால்பாறை யானை எச்சரிக்கை அமைப்பைப் பற்றி அடிக்கடி கேட்பார்கள். அது நம் மலை இல்லை, பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலையில் இருப்பது. ஆனால் இந்தப் பேச்சுக்குப் பொருத்தமானது. யானை எங்கே நிற்கிறது என்ற ஒரே தகவலை அங்கே உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் வரியாகவும், எஸ்எம்எஸ்ஸாகவும், போனிலிருந்து இயக்கும் சிவப்பு விளக்காகவும் கொடுத்தார்கள். இருட்டில் வேலை முடிந்து நடந்து வருபவர் போனை எடுத்துப் பார்க்க மாட்டார், தூரத்தில் விளக்கு எரிந்தால் நின்றுவிடுவார். அதைக் கூடலூருக்குக் கொண்டுவர நினைப்பவர் விளக்கை நகல் எடுப்பதில் பயனில்லை. முடிவெடுக்கிற நொடியில் அந்த மனிதரின் கண் எங்கே இருக்கும் என்று தேடிய அந்தத் தேடலைக் கொண்டுவர வேண்டும். நான் பலகையை மாட்டியதற்கும் அந்த விளக்குக்கும் சொந்தம் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் உங்கள் கைடிடம் பேசிக்கொள்ளுங்கள். ஏஜென்டும் விவசாயிகளும் சேர்ந்து ஆப்பை மாற்றிக்கொண்டே போகிறார்கள், எது நீங்கள் செய்தது, எது அவர்கள் செய்தது என்று பிரிக்க முடியவில்லை என்றால், செயின் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2011இல் முன்வைத்த ஆக்ஷன் டிசைன் ரிசர்ச் உங்களுக்கு இன்னும் பொருந்தும். அதில் செய்தல், களத்தில் இறக்குதல், மதிப்பிடுதல் மூன்றும் தனித்தனிக் கட்டங்கள் இல்லை, ஒன்றாகவே ஓடும். சாக்கைக் கவிழ்க்கும் முன் பட்டன் என்ற யோசனைகூட என்னுடையது இல்லை. கழிவைக் கேட்டுச் சண்டை போட்ட அந்த அக்கா சொன்னது.

இப்போது என்ன செய்யலாம்? ஆப்பைத் தொடாதீர்கள். இரண்டு வாரம் வெறும் நோட்டோடு கொட்டகைக்குப் போங்கள். ஏஜென்டுக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், அவர் வில்லன் இல்லை. ஃபேக்டரியில் இலை குறைந்தால் அவர் கையிலிருந்து போகும், அதையும் எழுதுங்கள். வருபவர் யார், போன் யாரிடம், எண் எப்போது கண்ணில் படுகிறது, வாய்ச்சண்டை எந்தச் சொல்லில் தொடங்குகிறது என்று குறியுங்கள். வீட்டில் படுக மொழி, சிட்டையில் தமிழ் என்றால் எந்தச் சொல் எந்தப் பக்கம் விழுகிறது என்றும் கேட்டு வையுங்கள். பிறகு உங்கள் ஆப் தோற்றுப்போனது என்று எதைப் பார்த்தால் ஒப்புக்கொள்வீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிக் கைடிடம் காட்டுங்கள். கேள்வித்தாளின் எண்ணிக்கையை அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பேசுவோம். மே மாதம் மட்டும் போகாதீர்கள், சீசன் டிராஃபிக்கில் இலை வண்டியே நேரத்துக்கு வராது.